மெத்தை சாத்திய ஜன்னல்

மார்ச் 3

என் அன்புச் சில்லறைக்கு,

லிஃப்ட்டுகளின் ஏகச் சக்கரவர்த்தியும், வங்கித் தொலைபேசிகளின் காவல் தெய்வமும், பேருந்து நிறுத்தங்களின் பெருங்குரலோனும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமாகிய உன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். என் தொண்டை என்னைவிடச் சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது பசி வந்தால் கால்குலேட்டரைக் கடித்துக்கொள்கிறாயா என்று உடனே தெரிவிக்கவும்.

போன் பண்ணக் கூடாதா என்று நீ கேட்பாய். அம்மாடி, குரல்தான் என் சரக்கு. வார்த்தைக்கு இவ்வளவு என்று விலை வைத்து விற்கிறவன், போனில் இலவசமாக அள்ளிக் கொட்டினால் மார்க்கெட் என்ன ஆகும்? அதனால்தான் கடிதம். எழுத்துக்கு நான் காசு வாங்குவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வரி அலுவலகம் எனக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. பரம்பரைப் பகையாளிகள்கூட இவ்வளவு மரியாதையாகத் திட்டிக்கொண்டதில்லை. மூன்று வருஷமாக நான் கணக்கே தாக்கல் செய்யவில்லையாம். எப்படிச் செய்வேன்? என்னிடம் குரல் வாங்குகிற கம்பெனிகள் பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருகின்றன. அவர்கள் பிடித்த பிறகு நான் எதற்கு மறுபடி போய்த் தலையைக் கொடுக்க வேண்டும்? சலூனில் முடி வெட்டிக்கொண்டு வந்தவனை வாசலில் நிறுத்தி, "மறுபடி உட்காருங்க" என்று சொல்வதுபோல இருக்கிறது. முன்னாலெல்லாம் இதை உன் அம்மா பார்த்துக்கொண்டாள். நான் கையெழுத்து மட்டும் போடுவேன். அவள் கண்ணை மூடிய பிறகு கையெழுத்துக் கேட்டு யாரும் வரவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நீ ஊரெல்லாம் மெச்சும் கணக்காளர். சிறுவயதில் என் சட்டைப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சில்லறையை எண்ணித் தந்தவள். ஆகவே மூன்று வருஷத்து ரசீதுகளையும் ஒரு ஷூ டப்பாவில் அனுப்பியிருக்கிறேன்.

என் தொழிற்கூடத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் நான் குடியிருக்கிறேன், மற்றதில் என் குரல் குடியிருக்கிறது. நீயும் அம்மாவும் லீவுக்கு வந்தால் படுப்பீர்களே, அதே அறைதான். எதிரே ஒரு மோட்டார் பட்டறை வந்துவிட்டது. அவன் சுத்தியலை எடுத்தால் பக்கத்து நாட்டில் தூங்குகிறவன் விழித்துக்கொள்கிறான். அதனால் மெத்தையைத் தூக்கி ஜன்னலில் சாத்தி, கட்டிலை நிமிர்த்தி நிறுத்தி அதன்மேல் போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை வைத்து ஒரு கோட்டை கட்டியிருக்கிறேன். உள்ளே போய் நின்றால் எறும்பு ஏப்பம் விட்டாலும் கேட்கும்.

உங்கள் ஊர் லிஃப்ட்டில் ஏறும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேள். நான் இருந்தாலும் இருப்பேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஆசிகளுடனும் அடக்கமுடனும்,
உன் மாமா


மார்ச் 19

மாமாவுக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டப்பா வந்து சேர்ந்தது. ரசீதுகளோடு ஒற்றைக் காலுறையும் இருந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. கம்பெனிகள் பிடிப்பது உங்கள் பெயரில் கட்டி வைக்கும் முன்பணம் மாதிரி. வருஷக் கடைசியில் மொத்த வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று நாம்தான் காட்ட வேண்டும். குறைவாகப் பிடித்திருந்தால் மீதியைக் கட்ட வேண்டும், அதிகமாகப் பிடித்திருந்தால் திரும்ப வரும். தனியாகத் தொழில் செய்கிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆபீசில் தினமும் ஒருவரிடமாவது இதைச் சொல்கிறேன்.

மைக், ஹெட்போன், ஒலிப்பதிவு மென்பொருளின் சந்தா, ஸ்டூடியோக்களுக்குப் போய்வந்த பயணம் எல்லாவற்றையும் செலவில் காட்டலாம். தேன் பாட்டில்களைக் காட்ட முடியாது. செருப்பும் முடியாது. "நின்றுகொண்டுதான் பேசுகிறேன்" என்று ரசீதின் பின்னால் எழுதியிருப்பதைப் படித்தேன். அப்படியும் முடியாது. பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுவதால் வேர்ப்பதற்கு எந்தச் சட்டத்திலும் வரிக் கழிவு இல்லை.

பெரிய விஷயம் அந்த அறைதான். வீட்டு வாடகையில் அந்த அறையின் பங்கைத் தொழில் செலவாகக் காட்டலாம். ஒரே நிபந்தனை: அறை முழுக்க முழுக்கத் தொழிலுக்கு மட்டுமே பயன்பட்டிருக்க வேண்டும். அதற்கு ஓர் உறுதிமொழி இணைத்திருக்கிறேன். வாசகம் இதுதான்: "மேற்படி அறை கடந்த மூன்று ஆண்டுகளாகத் தொழிலுக்கு மட்டுமே பயன்படுகிறது. அதில் விருந்தினர், உறவினர் எவரும் வந்து தங்கவில்லை."

கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சில்லறை


மார்ச் 27

மருமகளுக்கு,

வாழ்த்துகள் ஒரு வண்டி. நான் நலமே. தேனைத் தள்ளுபடி செய்த உன் கல்நெஞ்சும் நலம் என்று கடிதத்தில் தெரிகிறது. அந்தக் காலுறையைப் பத்திரப்படுத்து. அதன் ஜோடி இங்கே துணையில்லாமல் அலைகிறது.

நீ அனுப்பிய வாசகத்தைப் பற்றிச் சில திருத்தங்கள். யாராவது ஒரு வரியைப் பேசச் சொன்னால் முதலில் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன், அதுதான் என் தொழில் முறை. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்" என்பதைக்கூட ஒரே மூச்சில் நம்பும்படி சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டு ஜனங்கள் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆனால் உன் வரியைக் கோட்டைக்குள் நின்று படித்துப் பார்த்தேன். டேக் சரியாக வரவில்லை. "எவரும் வந்து தங்கவில்லை" என்கிற இடத்தில் குரல் தட்டுகிறது.

ஆகவே கீழ்க்கண்ட ஏதாவது ஒன்றை ஏற்றுக்கொள்: "விருந்தினர் பலர் தங்க விரும்பினர், இடநெருக்கடியால் அனுமதி மறுக்கப்பட்டது." அல்லது, "உறவினர் வருவதாக இருந்தனர். வேலைப் பளுவால் தள்ளிப்போயிற்று." இரண்டாவது சட்டத்துக்கும் பொருந்தும், உண்மைக்கும் அவ்வளவு தூரமில்லை.

லிஃப்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தேனே, அதற்குப் பதில் வரவில்லை. உங்கள் கட்டிடத்தில் லிஃப்ட்டே கிடையாதோ? இல்லாவிட்டால் சொல், நானே வந்து ஒவ்வொரு மாடியிலும் நின்று கத்துகிறேன்.

வேளைக்குத் தூங்கு. தொண்டைக் குழியிலிருந்து அன்புடன்,
மாமா


ஏப்ரல் 11

மாமாவுக்கு வணக்கம்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். வருஷக் கணக்கு முடிக்கும் காலம். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ்தான். வீட்டைவிட இங்கே வெளிச்சம் அதிகம், அதனால் பரவாயில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் திருத்தங்களைப் படித்துச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆனால் ஏற்க முடியாது. "தங்கினார்களா, இல்லையா" என்று மட்டும்தான் அவர்கள் கேட்கிறார்கள். ஏன் தங்கவில்லை என்று கேட்கவில்லை.

விளையாட்டில்லாமல் ஒன்று சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டேன். அறையின் கழிவு கிடைத்தால் நீங்கள் கொஞ்சம்தான் கட்ட வேண்டியிருக்கும். கிடைக்காவிட்டால், வட்டியும் அபராதமும் சேர்ந்து அந்த இரண்டு அறை வீட்டை உங்களால் வைத்துக்கொள்ள முடியாது. கோட்டையும் போய்விடும், குரல் வேலையும் போய்விடும். ஒரு கையெழுத்துதான் மாமா. நானும் கீழே கணக்காளராகக் கையெழுத்துப் போடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
சில்லறை


ஏப்ரல் 20

சில்லறைக்கு,

நலம். போட்டாயிற்று. இத்துடன் இருக்கிறது.

இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கு இவ்வளவு டேக் நான் எடுத்ததே இல்லை. மை காய்கிற வரை விசிறிக்கொண்டிருந்தேன்.

மாமா


மே 22

என் கணக்குப் புலிக்கு,

உடல்நலமும் புகழும் ஓங்கும் உன் மாமாவின் ஆசிகள். நீ தாக்கல் செய்த மூன்று வருஷக் கணக்கையும் படித்துப் பரவசமடைந்த வரி அலுவலகம், இப்படி ஓர் அறை பூமியில் இருக்க முடியுமா என்று நேரில் பார்க்க ஓர் அலுவலரை அனுப்பியது. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார் ஓர் அம்மா. கையில் பைல், தோளில் குடை, முகத்தில் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று என்கிற களைப்பு. நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

"நீங்கதானா சார் அது? பேங்குக்குப் போன் போட்டா காத்திருக்கச் சொல்றது?"

"அடியேன்தான்."

"எவ்வளவு நேரம் சார் என்னைக் காக்க வெச்சிருக்கீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல மாதிரி.

அறைக்குள் கூட்டிப்போனேன்.

"இது கட்டில் மாதிரி இருக்கே."

"போன பிறவியில கட்டில். இப்ப ஸ்டூடியோ."

"அப்ப அந்த மெத்தை?"

"அது சுவரும்மா. பஞ்சால கட்டின சுவர்."

"படுக்கவே மாட்டீங்களா இதுல?"

"சுவர்ல யாராவது படுப்பாங்களா?"

உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக் காட்டினேன். பட்டறைச் சத்தம் நின்றது. அந்த அம்மா பேனாவை மூடுகிற சத்தம் இடி மாதிரி கேட்டது. பிறகு, பைலுக்காகக் கேட்கிற மாதிரி இல்லாமல், சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்:

"ஏன் சார், சொந்தக்காரங்க வந்தா எங்க படுப்பாங்க?"

அதற்கு நான் மிகச் சிறப்பாகப் பதில் சொன்னேன். அந்த அம்மா மறுபடி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். இரண்டு பக்கம் வந்தது. படித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். போகும்போது, "நல்லா இருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, ஜெயித்தோம் என்றே வைத்துக்கொள்.

புதிதாக ஒரு கார் நிறுத்துமிடத்துக்குப் பேசினேன். "சீட்டைத் தவறவிட்டவர்கள் இங்கே வரவும்." ஊரில் பாதிப் பேர் என்னிடம்தான் வரப்போகிறார்கள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணக்குப் பார்க்காதே. ஓய்வெடு.
வெற்றித் திருமகன்,
மாமா


ஜூன் 14

மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா?

உங்கள் அறைக் கழிவை ஏன் முழுவதும் நிராகரிக்கக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. கணக்காளர் என்ற முறையில் எனக்கும் ஒரு பிரதி. அதோடு நீங்கள் கையெழுத்திட்ட வாக்குமூலத்தையும் இணைத்திருக்கிறார்கள். உங்களுக்கு மறந்திருக்கலாம் என்பதால் அப்படியே எழுதுகிறேன்:

"என் வீட்டில் ஆள் இல்லாத நாளே கிடையாது. என் அக்கா மகள் மாதம் தவறாமல் வந்துவிடுவாள். வந்தால் ஒரு வாரத்துக்குக் குறையாது. சில சமயம் தோழிகளையும் கூட்டி வருவாள். அப்போது கட்டிலை இறக்கிப் போட்டு, மெத்தையை விரித்து, இந்த அறையையே அவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். பேச்சும் சிரிப்பும் தாங்காது. கீழ்வீட்டுக்காரர் மூன்று முறை புகார் செய்திருக்கிறார். போகும்போது, அடுத்த மாதம் சீக்கிரம் வா என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. அவளே சொல்லிவிட்டுப் போவாள்."

மாமா, வரியைக் குறைக்கப் பொய் சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். தன் வரியைத் தானே கூட்டிக்கொள்ளப் பொய் சொன்ன ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஏப்ரலில் நீங்கள் எழுதிக் கொடுத்ததும் மே மாதம் சொன்னதும் நேர் எதிர். ஏப்ரல் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. நீங்கள் சொன்னது உண்மையென்றால், நான் பொய்க் கணக்குத் தாக்கல் செய்தவள். என் உரிமத்தையே எடுத்துவிடலாம். வீடு உங்களுக்கு, வேலை எனக்கு, இரண்டும் இப்போது அந்த இரண்டு பக்கத்தில் இருக்கிறது.

அதை வாபஸ் வாங்க வேண்டும். உண்மையை உங்கள் வார்த்தையில் எழுதி அனுப்புங்கள். நானும் என் தரப்பில் ஒன்று கொடுக்க வேண்டியிருக்கும். ஜூலை முடிவதற்குள்.

மாதம் தவறாமல் வருகிற,
சில்லறை


ஜூலை 8

மாமாவுக்கு வணக்கம்.

பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையா?

கடைசி வரியை அப்படி எழுதியிருக்கக் கூடாது. தபாலில் போட்ட பிறகுதான் தோன்றியது.

நேற்று போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் குரலில் பதிவுதான் பேசியது: "தற்சமயம் பேச இயலாத நிலையில் உள்ளோம். நீங்கள் காத்திருக்க விரும்பினால் காத்திருக்கலாம்." எந்தக் கம்பெனிக்காகப் பேசியதை வீட்டுப் போனில் போட்டிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. முழுசாகக் கேட்டேன். மறுபடி போட்டு மறுபடி கேட்டேன்.

நான்கு வார்த்தையாவது எழுதுங்கள்.

சில்லறை


ஜூலை 19

அன்புள்ள சில்லறைக்கு,

உடம்பு சுகம். நீ கவலைப்படாதே. நாலு வார்த்தை ஆகிவிட்டது, ஆனாலும் தொடர்கிறேன்.

அந்தப் பொய்யை நான் யோசித்து வைத்துச் சொல்லவில்லை. அந்த அம்மா கேட்டபோது அறை மிகவும் அமைதியாக இருந்தது. எல்லாம் என் கைவேலை. எவ்வளவு அருமையாகச் சத்தத்தை அடைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அந்த அமைதியில், "யாரும் வர்றதில்லை" என்று சொன்னால் அது எங்கே போகும்? வேறு அறையாக இருந்தால் கொஞ்சம் எதிரொலித்து, கலங்கி, கரைந்துவிடும். என் அறையில் எதிரொலியே கிடையாது. சொன்ன இடத்திலேயே நிற்கும். அந்த அம்மாவும் போன பிறகு அதோடு நான் தனியாக அல்லவா இருக்க வேண்டும்?

அதனால், "அக்கா பொண்ணு வருவா" என்று ஒரு வார்த்தை சொன்னேன். "அப்படியா, எப்ப எப்ப வருவாங்க?" என்றார். அது சும்மா இருந்தவனைச் சொறிந்துவிட்டது. நீ வந்தாய், தோழிகள் வந்தார்கள், கீழ்வீட்டுக்காரர் வந்தார். கீழே வீடே கிடையாது, குடோன்தான். சொல்லச் சொல்ல நன்றாக இருந்தது அம்மாடி. ஒரே டேக்கில் வந்தது.

அது உன் கையெழுத்தின் தலையில் போய் விழும் என்று தெரிந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன். உன் வேலைக்கு என்னால் ஒரு கீறல் விழக் கூடாது. இத்துடன் உண்மை இருக்கிறது. நாலே வரி. அடித்தல் திருத்தல் இல்லை.

கழிவு கிடைக்காவிட்டாலும் கலங்காதே. ஓர் அறை வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஜன்னலே கிடையாது, சத்தத்துக்கு உள்ளே வர வழியே இல்லை. சொன்னால் நம்பமாட்டாய், ஒரு கலைஞனுக்குச் சொர்க்கம். மெத்தையைத்தான் கொண்டுபோக முடியாது. பட்டறைக்காரன் கேட்டிருக்கிறான்.

நேரத்துக்குச் சாப்பிடு.
மாமா


ஆகஸ்ட் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் நாலு வரியும் கிடைத்தது. தாக்கல் செய்துவிட்டேன். மெத்தையை யாருக்கும் கொடுக்காதீர்கள். உத்தரவு வரும் வரை அறையில் ஒரு பொருளையும் அசைக்கக் கூடாது. இது சட்டப்படி சொல்கிறேன்.

என் தரப்பில் நான் கொடுத்த பிரமாண வாக்குமூலம் இது: "என் தாய்மாமன் வீட்டுக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் நான் ஒருமுறையும் செல்லவில்லை. அந்த அறையில் தங்கவில்லை. அவர் சொன்னது போல வேறு யாரையும் அழைத்துச் சென்றதுமில்லை." நோட்டரி, "வாய்விட்டுப் படிங்கம்மா, அதுதான் முறை" என்றார். படித்தேன். எனக்கும் டேக் சரியாக வரவில்லை. அவர் தண்ணீர் கொடுத்தார்.

நீங்கள் இரண்டு முறை கேட்டு, நான் பதில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் இருக்கிறது. அதில் நீங்கள்தான் பேசுகிறீர்கள். "கதவுகள் மூடுகின்றன. தயவுசெய்து விலகி நிற்கவும்." உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, அம்மாவும் கடைசி எழுத்தை அப்படித்தான் கொஞ்சம் இழுப்பாள். ஆறாவது மாடி போவதற்குள் ஆறு தடவை கேட்க வேண்டும். நான் படியில்தான் ஏறுகிறேன். முழங்கால் வலிக்கு என்ன காரணம் என்று டாக்டர் கேட்கிறார். உடற்பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்குப் போன் செய்யாததற்கும் அதுதான். வராததற்கும் பெரும்பாலும் அதுதான். வேலை என்று எழுதினேன், அதுவும் பொய்யில்லை.

தேனை வாங்கிச் சாப்பிடுங்கள். செலவில் காட்ட முடியாதே தவிர, தொண்டைக்கு நல்லது.

அன்புடன்,
சில்லறை


செப்டம்பர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? உத்தரவு வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கும் அறைக் கழிவு கிடைத்துவிட்டது. தவறான வாக்குமூலம் கொடுத்ததற்கு ஒரு சின்ன அபராதம், தாமதத்துக்கு வட்டி, அவ்வளவுதான். என்மேல் நடவடிக்கை ஒன்றும் இல்லை. உத்தரவின் கடைசியில் அந்த அம்மா கையால் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "அறையை நேரில் பார்வையிட்டேன். எவரும் தங்கியதற்கான அடையாளம் காணப்படவில்லை." அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பைலில் இருக்கிறது, எப்படியும் பார்ப்பீர்கள்.

இனி உங்கள் கணக்காளராக ஓர் ஆலோசனை. இந்த வருஷத்துக்கும் கழிவு வேண்டுமென்றால் அந்த அறையில் யாரையும் தங்கவிடாதீர்கள். ஓர் இரவு தங்கினாலும் தங்கியதுதான். அதன் பிறகு நீங்கள் கழிவு கேட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அக்டோபர் முதல் வாரம் எனக்கு இரண்டு நாள் லீவு கிடைக்கிறது. ஊரில் ஹோட்டல் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அங்கே தங்கினால் கழிவுக்குப் பாதகமில்லை. எது வசதி என்று எழுதுங்கள்.

காலுறையைக் கொண்டு வருகிறேன்.

சில்லறை


அக்டோபர் 12

மதிப்பிற்குரிய அலுவலர் அம்மையாருக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மே மாதம் மூன்று மாடி ஏறி வந்து என் அறையைப் பார்வையிட்டீர்கள். அந்த அறையைப் பற்றிய ஒரு மாற்றத்தை நானாகவே தெரிவிக்க விரும்புகிறேன். வாக்குமூலங்களில் எனக்குக் கிடைத்திருக்கும் பெயரை வைத்து இதை நம்பாமல் இருந்துவிடாதீர்கள். இந்தத் தடவை சாட்சி உண்டு.

இம்மாதம் முதல் வாரத்தில் என் அக்கா மகள் வந்து இரண்டு இரவு அந்த அறையில் தங்கினாள். கட்டிலை இறக்கினோம். மெத்தையை ஜன்னலிலிருந்து எடுத்துப் போட்டோம். தோழிகள் யாரும் வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் புகார் செய்யவில்லை. அதிகம் பேசிக்கொள்ளவும் இல்லை. முதல் நாள் அவள் கணக்கு வேலை ஏதோ கொண்டுவந்திருந்தாள். அதை முடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். இரண்டாம் நாள், "லிஃப்ட்ல சொல்வீங்களே, அதைச் சொல்லுங்க மாமா" என்றாள். சொன்னேன். காசு வாங்கவில்லை. "இன்னொரு தடவை" என்றாள். சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. கூட்டிச் சொல்ல எனக்கு வழி தெரியாமல் இல்லை, வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை வண்டியில் போய்விட்டாள். வேலை ஓய்ந்ததும் வருகிறேன் என்றாள். கணக்குக்காரர்களுக்கு வேலை எப்போது ஓயும் என்று எனக்குத் தெரியாது. தாங்கள் அந்தத் துறை, தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் போன பிறகு மெத்தையைத் தூக்கி மறுபடி ஜன்னலில் சாத்தப் போனேன். பாதி தூக்கிவிட்டுக் கீழே விட்டுவிட்டேன். இப்போது ஒலிப்பதிவைச் சமையலறையில் தலைக்குமேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு செய்கிறேன். பட்டறைக்காரன் சாப்பிடப் போகிற நேரம்தான் எனக்கு வேலை நேரம். சமையலறைக்கு நான் கழிவு கேட்கவில்லை, அங்கே சமைக்கவும் செய்கிறேன். கூடும் வரிக்காக ஒரு மருத்துவமனைக்குப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்த வருமானத்தையும் காட்டுவேன்.

அன்றைக்குத் தாங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். அதற்கு இரண்டு பக்கத்துக்குப் பதில் சொன்னேன். அதை வாபஸ் வாங்கியபோது வேறு பதில் எதுவும் கொடுக்கவில்லை. சொந்தக்காரங்க வந்தா அங்கதான் படுப்பாங்க.

ஆகவே அந்த அறைக்கான கழிவை இந்த ஆண்டு முதல் நீக்கிவிடவும்.

தாங்கள் மாடி ஏறும்போது பார்த்து ஏறவும்.

இப்படிக்கு,
தங்களை வங்கியில் காக்க வைத்தவன்